கான்கிரீட் தளத்தில் புது ஆட்களை வெயிலுக்குப் பழக்குவது எப்படி? எந்த அளவில் வேலையை நிறுத்த வேண்டும்?

கேள்வி – ஏழாம்தளம்

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒன்பது மாடிக் கட்டட வேலை. இப்போது ஏழாம் தளத்தில் கம்பி கட்டு நடக்கிறது, அடுத்த வாரம் கான்கிரீட். கம்பி கட்டுபவர்கள் 26, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு வேலை) 18, சித்தாள் உட்பட மற்றவர்கள் 16 பேர். இவர்களில் 14 பேர் புதிது. ஒடிசா கஞ்சம் மாவட்டத்திலிருந்து ஞாயிறு ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறார்கள். திங்கள் காலை 8 மணிக்கே தளத்தில் ஏற்றிவிடலாம், "அவங்க ஊரிலயும் வெயில்தானே" என்கிறார் காண்ட்ராக்டர்.

கேட்க வேண்டியவை இவை. 40 டிகிரி தாண்டினால் வேலை நிறுத்தம் என்று சைட்டில் போர்டு இருக்கிறது. போன் 37 என்றுதான் காட்டுகிறது, ஆனால் 11 மணிக்கே ஆட்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த எண்ணை நம்புவது? புது ஆட்களுக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? தண்ணீர், உப்பு எவ்வளவு? ஒருவர் விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்வது?

---

பதில் – கரும்பந்து

முதலில் அந்த 40 டிகிரி போர்டைக் கழற்றுங்கள். வானிலைத் துறை வெப்ப அலை அறிவிப்பதற்குப் பார்க்கும் அளவு அது: சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37. வேலை செய்யும் உடம்புக்கான வரம்பு அல்ல. உடம்பு சூட்டை வெளியேற்றுவது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டும், ஆவியாகாது. சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால்தான் கடலோரத்தில் 37 டிகிரி, உள்மாவட்டத்தில் 41 டிகிரியைவிட மோசமாக அடிக்கும்.

நீங்கள் அளக்க வேண்டியது டபிள்யூ.பி.ஜி.டி. (WBGT). மூன்று அளவுகளைச் சேர்த்த எண் அது. திறந்த வெயிலில்: ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் (ஈரக்குமிழ்) காட்டுவதில் 0.7 பங்கு, கறுப்புப் பந்துக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவதில் 0.2, சாதாரண நிழல் வெப்பநிலையில் 0.1. வெயில் படாத இடத்திலும் இரவிலும் 0.7, 0.3 என்று முதல் இரண்டு மட்டும்.

உங்கள் தளத்துக்கு ஒத்த ஒரு கணக்கு. மே மாதம் காலை 11.30. காற்று 37, ஈரக்குமிழ் 28.5, கறுப்புப் பந்து 47. பெருக்கிக் கூட்டினால் 19.95 + 9.4 + 3.7 = ஏறத்தாழ 33. இரண்டு மணிக்குக் கடல்காற்று உள்ளே வருகிறது. காற்று 34-க்கு இறங்குகிறது, எல்லோரும் "அப்பாடா" என்கிறார்கள். ஆனால் ஈரக்குமிழ் 29.5-க்கு ஏறிவிட்டது, பந்து 43. கூட்டினால் 32.65. போன் மூன்று டிகிரி குறைந்ததாகச் சொல்கிறது, உடம்பின் சுமை அரை டிகிரிகூடக் குறையவில்லை. கடல்காற்று வந்துவிட்டது என்று வேலையை வேகப்படுத்துவது நம் கடற்கரையோர சைட்டுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

இனி வரம்பு. உலகெங்கும் பாதுகாப்பு ஆட்கள் பார்ப்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச்.-இன் அட்டவணை. அது ஒரே எண் கிடையாது. எவ்வளவு கடினமான வேலை, மணிக்கு எத்தனை நிமிடம் வேலை, ஆள் வெயிலுக்குப் பழகியவரா, மூன்றையும் கேட்கும்.

கம்பி கட்டுவது நடுத்தர வேலை, உடம்பு சுமார் 300 வாட் சூட்டை உண்டாக்கும். 20 எம்.எம். கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதும், கான்கிரீட்டை மண்வெட்டியால் இழுப்பதும் கடின வேலை, 415 வாட்.

பழகியவர், நடுத்தர வேலை: ஏறக்குறைய முழு நேரமும் செய்ய 28.0 வரை. முக்கால் மணி வேலை, கால் மணி ஓய்வு என்றால் 29.0. பாதிக்குப் பாதி 30.0. கால் மணி வேலை, முக்கால் மணி ஓய்வு என்றால் 31.5.
பழகியவர், கடின வேலை: அதே வரிசையில் முழு நேரத்துக்கு அனுமதியே இல்லை, பிறகு 27.5, 29.0, 30.5.
பழகாதவர், நடுத்தர வேலை: 25.0, 26.0, 27.0, 29.0.
பழகாதவர், கடின வேலை: முழு நேரம் இல்லை, பிறகு 24.0, 25.5, 28.0.

கடைசி இரண்டு வரிகளை காண்ட்ராக்டரிடம் காட்டுங்கள். ஒரே வேலை, ஒரே தளம், ஒரே வெயில். நடுத்தர வேலையில் புது ஆளுக்கும் பழகிய ஆளுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று டிகிரி வித்தியாசம். சென்னையில் மே மாதம் காலை ஏழு மணிக்கே டபிள்யூ.பி.ஜி.டி. 28-ஐத் தொட்டுவிடும். அதாவது திங்கள் காலை உங்கள் 14 பேருக்கும் அந்த வேளையிலேயே மணிக்குக் கால் மணி நேரம்தான் கம்பி கட்டும் வேலை. 33 அடிக்கும் 11.30 மணிக்குப் பழகியவர்களுக்கும் இந்த அட்டவணையில் இடமில்லை.

"அப்படியானால் மே மாதம் வேலையே நடக்காதே" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மற்றவர்கள் கண்ட வழிகளைப் பாருங்கள். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 – செப்டம்பர் 15 காலத்தில் காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலை கிடையாது, எந்த நேரமானாலும் டபிள்யூ.பி.ஜி.டி. 32.1-ஐத் தாண்டினால் நிறுத்தியாக வேண்டும். சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல் 32-ஐத் தொட்டால் கடின வேலைக்கு மணிக்கு 10 நிமிட நிழல் ஓய்வு கட்டாயம், 33 என்றால் 15 நிமிடம். அந்த 10 நிமிடம் குறைந்தபட்ச அளவுதான், அதை மட்டும் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. உங்கள் தளத்துக்கு என் யோசனை: காலை 5.30 – 10, மாலை 4 – 7.30 என்று ஷிப்டைப் பிளந்துவிடுங்கள், 32-இல் கம்பி, கான்கிரீட், சென்ட்ரிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே அட்டவணைப்படி ஓய்வு.

மீட்டர் பற்றி. கையடக்கக் கருவிகளில் 40 எம்.எம். பந்து இருக்கும், அசல் அளவு 150 எம்.எம். காற்று வீசும் மாடியில் சின்னப் பந்து கொஞ்சம் குறைத்தே காட்டும், கருவி அதைத் திருத்திக் கணக்கிடுகிறதா என்று கையேட்டில் பாருங்கள். பெரிய பந்து வைத்திருந்தால் 20 – 25 நிமிடம் விட்டபிறகே அளவு எடுக்க வேண்டும். ஈரத்துணித் திரிக்கு வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே. போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், சிமெண்ட் தூசியும் ஒட்டும், திரி தண்ணீரை இழுக்காது, அளவு கூடுதலாகக் காட்டும். பிறகு "மீட்டர் சும்மா கத்துது" என்று அதை அணைத்துவிடுவார்கள். அளக்கும் இடம் ஆபீஸ் வாசல் அல்ல. கம்பி விரித்த தளத்தில், ஆட்கள் நிற்கும் இடத்தில், தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், மணிக்கு ஒருமுறை.

---

பதில் – கவர் பிளாக்

மேலே சொன்னது முழுக்கச் சரி. புது ஆட்களை ஏற்றும் முறையை மட்டும் விரிக்கிறேன்.

வேலைக்குப் புதியவருக்கு முதல் நாள் வெயில் நேரம் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம். எட்டு மணி நேர வேலையில் முதல் நாள் சுமார் ஒன்றரை மணி, இரண்டாம் நாள் மூன்று மணி சொச்சம், மூன்றாம் நாள் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு, நாலாம் நாள் ஆறரை மணி, ஐந்தாம் நாள் முழுசு. முன்பே இதே வேலை செய்து, ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கு 50, 60, 80, 100. இது வேலைக்கு ஏற்றும் கணக்குதான். உடம்பு முழுக்கப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். ஆகவே ஐந்தாம் நாள் முழு வேலை கொடுத்தாலும் பதினாலாம் நாள் வரை அவர் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு: வெப்பத்தால் வேலையிடத்தில் இறப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முதல் நாளிலேயே இறக்கிறார்கள், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். உங்கள் திங்கட்கிழமைதான் இந்த ஆண்டிலேயே உங்கள் சைட்டுக்கு ஆபத்தான நாள்.

"அவங்க ஊரிலயும் வெயில்தானே" என்பதற்குப் பதில். வெயிலில் இருப்பது பழக்கம் தராது, வெயிலில் உழைப்பதுதான் தரும். தினமும் குறைந்தது இரண்டு மணி நேரமாவது சூட்டில் உடம்பை வருத்தி வேலை செய்தால்தான் அந்த மாற்றம் நடக்கும். ஊரில் ஒரு மாதம் சும்மா இருந்தவர், ரயிலில் பொதுப்பெட்டியில் தூங்காமல், கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார். அவர் சூட்டை எதிர்கொள்வதற்கு முன்பே வற்றிப்போன உடம்போடு வந்து நிற்கிறார். முடிந்தால் திங்களன்று கேம்ப்பில் பதிவு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி என்று கழித்துவிட்டு, செவ்வாயை முதல் நாளாக வையுங்கள்.

மீதி நேரத்துக்கு அவர்களுக்கு என்ன வேலை? யார்டில் 90 சதவீத ஷேட் நெட் போட்டு, அதன் கீழே ரிங் வளைப்பது, கட்டுக்கம்பி துண்டு போடுவது, கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் இடைவெளிக்காக வைக்கும் சிறு கான்கிரீட் கட்டை) வார்ப்பது. எல்லாம் எப்படியும் தேவையான வேலைதான். நெட்டைத் தாழ்வாகக் கட்டாதீர்கள். தலைக்கு மேல் குறைந்தது மூன்று மீட்டர் இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். தகரக் கூரை போட்டால் அதுவே மேலிருந்து சூட்டை இறக்கும்.

ஹெல்மெட்டில் சிவப்பு டேப் ஒட்டுங்கள், அதில் சேர்ந்த தேதி. 14 நாள் முடிந்ததும் பச்சை. அப்போது யாரும் தெரியாமல் புது ஆளைக் கம்பி சுமக்கக் கூப்பிட மாட்டார்கள். ஒவ்வொரு சிவப்பு டேப்புக்கும் ஒடியா பேசத் தெரிந்த ஒரு பழைய ஆளை ஜோடியாக்குங்கள். சூடு தலைக்கேறினால் முதலில் குழம்புவது பேச்சு. அந்த மொழி தெரியாதவருக்கு அது உளறலா, சாதாரணப் பேச்சா என்று தெரியாது.

கூலி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாலு நாளும் முழு நாள் கூலி. டன் கணக்கில், சதுர அடிக் கணக்கில் கூலி என்றால் எவ்வளவு அட்டவணை ஒட்டினாலும் ஆள் நிழலுக்கு வர மாட்டார். ஓய்வு எடுத்தால் காசு போகும் என்ற நிலையில் ஒரு மனிதனைப் "பார்த்து வேலை செய்யப்பா" என்று சொல்வது அநியாயம்.

ஒரு வாரம் வெயிலை விட்டு விலகினால் பழக்கம் கணிசமாகக் குறைந்துவிடும். திரும்பி வந்து இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் மீண்டுவிடும், அந்த மூன்று நாளும் குறைத்தே கொடுக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து எழுந்தவரையும் இப்படியே நடத்துங்கள். கத்திரி மே 4 வாக்கில் தொடங்குகிறது. பழைய ஆட்களுக்குமே ஏப்ரலில் படிப்படியாக ஏற்றிக் கொண்டுவருவதுதான் முறை.

---

பதில் – ஆலை மருத்துவம்

பழகிய உடம்பு என்றால் என்ன என்பதை மேஸ்திரிகளுக்குப் புரியவைத்தால் பாதி வேலை முடியும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு இதயம் மெதுவாகத் துடிக்கும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாக வரும், வியர்வையில் போகும் உப்பு குறையும். இதில் பலரும் தவறவிடுவது ஒன்று: பழகியவருக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. "பழகிட்டா தண்ணி கம்மியா போதும்" என்ற நம்பிக்கை நேர் எதிரானது.

அளவு: 15 – 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 240 மில்லி. மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். தாகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அதே நேரம் மணிக்கு 1.4 லிட்டருக்கு மேலும் வேண்டாம். வெறும் தண்ணீரை மட மடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, வாந்தி, தலைவலி, வலிப்பு வரை போகும். 60 பேர், எட்டு மணி நேரம், ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 480 லிட்டர், அதாவது 24 கேன். கேன்கள் ஏழாம் தளத்திலேயே நிழலில் இருக்க வேண்டும். கீழே வைத்தால் யாரும் ஏழு மாடி இறங்கி வர மாட்டார்கள்.

உப்பு: மூன்று வேளை சாப்பிடுபவருக்கு உணவு உப்பே பெரும்பாலும் போதும். காலையில் சாப்பிடாமல் ஏறுபவர்தான் சிக்கலில் மாட்டுவார். 10 மணிக்கு நீராகாரமோ, லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்ட நீர்மோரோ கொடுங்கள். தசைப்பிடிப்பு வந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் குமட்டும், வயிற்றைக் கலக்கும். உப்பு மாத்திரை வேண்டாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தளத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லையென்றால் சித்தாள்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீங்கள் எத்தனை கேன் வைத்தாலும் பயனில்லை. சிறுநீர்த் தொற்று, கல், சிறுநீரகக் கோளாறு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு மாடிக்கு ஒன்று வையுங்கள்.

ஓய்வு போதுமா என்று அறிய நாடியைப் பாருங்கள். உட்கார்ந்த முதல் நிமிடத்தின் கடைசி 30 நொடி மணிக்கட்டில் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 110-ஐத் தாண்டினால் அடுத்த வேலைச் சுற்றின் நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், ஓய்வு அப்படியே இருக்கட்டும். வேலை நடுவில் பல நிமிடம் தொடர்ந்து 180-இலிருந்து வயதைக் கழித்த எண்ணுக்கு மேல் போனாலும் (40 வயதுக்காரருக்கு 140) வேலையை நிறுத்த வேண்டும். சிவப்பு டேப் ஆட்கள் எல்லோருக்கும் இதைக் காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை செய்யலாம்.

வேலை தொடங்கும் முன் நடத்தும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல் பாக்ஸ் மீட்டிங்) மருந்து பற்றியும் கேளுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர், மனநல மருந்துகள், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் எல்லாம் வெப்பம் தாங்கும் திறனைக் குறைக்கும். முந்தின இரவு குடித்தவரும் அப்படியே. மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், வேலையை மாற்றிக் கொடுங்கள்.

ஆள் விழுந்தால்: பெயர், ஊர், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். தெளிவாகச் சொன்னால் நிழல், கால் உயர்த்திப் படுக்கை, தண்ணீர். தெளிவில்லை, தள்ளாடுகிறார், சண்டைக்கு வருகிறார், மயங்கிவிட்டார் என்றால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தவறு. உழைக்கும்போது வருவதில் உடம்பு தொப்பலாக நனைந்தே இருக்கும். நெற்றியில் காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியையும் நம்பாதீர்கள். வியர்வை குளிர்ந்த தோலில் அது 37 காட்டும், உள்ளே 41 இருக்கும்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்வித்து, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. ஹெல்மெட், ஷூ, சட்டை கழற்றி, டார்ப்பாய் மேல் படுக்கவைத்து, நாலைந்து பேர் விளிம்புகளைத் தூக்கித் தொட்டி போலப் பிடியுங்கள். ஏறத்தாழ 75 லிட்டர் தண்ணீர், அதில் பாதி அளவு உடைத்த ஐஸ். டார்ப்பாயை ஆட்டி ஆட்டித் தண்ணீரை உடம்பெல்லாம் அலம்புங்கள், ஒருவர் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலக்குடல் தெர்மாமீட்டர் இருந்தால் 39-க்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தலாம். இல்லையென்றால் 10 – 15 நிமிடம். விழுந்து அரை மணிக்குள் சூடு இறங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. ஐஸ் இல்லையா, குழாயைத் திறந்து தலை முதல் கால் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், மின்விசிறி வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல, அது வேலை செய்யாது, ஏற்கெனவே நொந்த ஈரலைக் கூடுதலாகக் கெடுக்கும்.

ஏழாம் மாடியிலிருந்து ஆளை இறக்க எவ்வளவு நேரமாகும் என்று ஞாயிறே ஒத்திகை பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் டார்ப்பாய், ஐஸ் பெட்டி, டிரம் தண்ணீர் மூன்றும் தளத்திலேயே இருக்க வேண்டும்.

---

ஏழாம்தளம்

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். 14 பேரையும் செவ்வாய்க்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டேன், முழுக் கூலிக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். அடுத்த வாரக் கான்கிரீட்டை ராத்திரி போடலாம் என்கிறார்கள். அப்படியானால் இந்த ஓய்வுக் கணக்கெல்லாம் தேவையா? புது ஆட்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

---

பதில் – கரும்பந்து

ராத்திரி போடுவது நல்ல முடிவு, ஆனால் கணக்கு தேவை. மே மாதம் இரவு 9 மணிக்குக் காற்று 31, ஈரக்குமிழ் 27.5, பந்து 31.5 என்று வையுங்கள். 0.7, 0.3 கணக்கில் 28.7 வருகிறது. கான்கிரீட் இழுப்பது கடின வேலை, பழகியவருக்கும் பாதிக்குப் பாதிதான். ஆகவே ஒரே கூட்டத்தை விடிய விடிய வைக்காமல் இரண்டு கூட்டமாகப் பிரித்து அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிப்பவரை மறந்துவிடாதீர்கள், அவர் மாற மாட்டேன் என்றே நிற்பார். புது ஆட்களுக்கு 28.7-இல் கடின வேலைக்கு இடமே இல்லை. லெவல் பார்ப்பது, விளக்கு, தண்ணீர் என்று கொடுங்கள்.

பகலில் அவர்கள் தூங்குவது எங்கே என்று பாருங்கள். தகர ஷெட் கேம்ப் என்றால் மதியம் உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும். தூங்காத உடம்பு மறுநாள் இரவு முந்தைய சூட்டையும் சேர்த்துச் சுமக்கும். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஓர் அடி இடைவெளி விட்டு மேலே ஓலையோ ஷேட் நெட்டோ போட்டு, ஆளுக்கு எட்டும்படி மின்விசிறி வைத்த பிறகு ராத்திரி வேலையைத் தொடங்குங்கள்.

---

பதில் – கவர் பிளாக்

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. ஊற்றும்போது கான்கிரீட் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று வெயில்காலக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 7861 சொல்கிறது, அதற்காக கான்கிரீட் கலக்கும் பிளாண்டில் ஐஸ் ஆர்டர் போடுவார்கள். அதே ஆர்டரில் தினமும் இரண்டு பார் ஐஸ் உங்கள் தளத்துக்கு என்று தனியாக எழுதிவிடுங்கள், கான்கிரீட் இல்லாத நாளிலும் வரும்படி. உமி போட்டு மூடி, தெர்மோகோல் பெட்டியில், டார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே. தண்ணீர் கேனில் போட அதை எடுக்க விடாதீர்கள். மதியம் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து பார்த்து, கரைந்து பாதிக்கும் குறைவாக மீந்திருந்தால் உடனே மறுபடி வாங்குங்கள்.